ஒத்திகை ஆண்டு

பட்ஜெட்டை வாசிப்பதற்கு முன்னால் அதற்குள் ஒரு வருஷம் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, பொருநை மாநிலத்தில் நிதியமைச்சர் பதவிக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. பொதுப்பணித்துறைக்குப் போட்டி உண்டு, கல்விக்கு உண்டு, மீன்வளத்துக்குக்கூட ரெண்டு பேர் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். நிதி என்றால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய்விடும். அமைச்சரவை அமைந்த அன்றைக்கு ஆவுடைநாயகத்துக்கு உடம்பு நன்றாக இருந்தது. அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. முன்னொரு நிதியமைச்சர் காகிதத்தில் பார்க்க அழகாக இருந்த ஒரு வரியைப் போட்டு, மேற்கு மாவட்டத்துத் தீப்பெட்டி ஆலைகளை ஒரே கோடையில் இழுத்து மூடவைத்தார். சட்டமன்றத்தில் எழுந்து, "இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தாலும் கேட்ட விதம் சரியில்லை. ஊர் கொதித்தது. அதன் பிறகு வந்ததுதான் ஒத்திகை.

மாநிலத்தில் உள்ள அத்தனை பேரையும், அவரவர் சம்பளம், கடன், சீக்கு, பங்காளிச் சண்டை எல்லாவற்றோடும், தை மாதம் ஓர் இயந்திரத்துக்குள் படியெடுத்து வைப்பார்கள். பட்ஜெட் வரைவை அதற்குள் போட்டு ஓடவிடுவார்கள். வெளியே சில மணி நேரம் ஆவதற்குள் உள்ளே ஒரு வருஷம் முடிந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்குத் தாங்கள் படி என்று தெரியாது. அவர்கள்பாட்டுக்கு வரி கட்டுவார்கள், கல்யாணம் பண்ணுவார்கள், செத்தும் போவார்கள். பட்ஜெட் வாசிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள்.

கணக்கை மட்டும் பார்த்துவிட்டு அமைச்சர் தலையாட்டிவிடக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். அதனால் இன்னொரு பிரிவையும் சேர்த்தார்கள். வருஷக் கடைசியில், சீட்டுக் குலுக்கி எடுத்த சில வீடுகளுக்குள் நிதியமைச்சர் தன் சொந்த முகத்தோடு போய் உட்கார வேண்டும். தலையில் தொப்பியை மாட்டி நாற்காலியில் சாய்ந்தால் நேரே அந்த வீட்டு வாசலில் நிற்கலாம். அந்த வீட்டுக்காரர்களில் ஒருவராவது வாய்விட்டுக் குறை சொன்னால் வரைவு திரும்பப் போய்விடும். யாரும் சொல்லாவிட்டால் நிறைவேறியது மாதிரிதான்.

இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை.

முதல் வருஷம் ஆவுடைநாயகம் தொப்பியைக் கழற்றியதும் குளியலறைக்குப் போய் அழுதார். அடுத்த வருஷம் கண் கலங்கியதோடு சரி. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. பேத்தி மடியில் ஏறி உட்கார்ந்தாலும் ஒரு கனம் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது. டாக்டரிடம் போனார். ரத்தமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று அவர் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்.

இந்த வருஷத்துக் கடைசி வீடு ஆலங்குளத்தில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நிதித்துறைச் செயலாளர் ஜெசிந்தா சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தவள் பெயர் சண்முகக்கனி. நாற்பது வயதிருக்கும். அமைச்சரைப் பார்த்ததும் பதறிப்போய், உள்ளே திரும்பி, நாற்காலியில் கிடந்த துணிகளோடு எதையோ சேர்த்து அள்ளிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள்.

"வாங்கய்யா, வாங்க. வெயில்ல வந்திருக்கிய. உக்காருங்க. இந்தா, ஒரு வாய் காப்பி போட்டுக் கொண்டாரேன்."

"அதெல்லாம் வேண்டாம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லாருக்கே! வீடு தேடி வந்துட்டு வெறும் வாயோட போவியளா?"

அடுக்களைப் பக்கம் போனாள். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. ஆவுடைநாயகம் காத்திருந்தார். கூடத்தில் ஓர் அலமாரி, ஒரு தையல் மிஷின். சுவரில் ஆணி இருந்தது, படம் இல்லை. படம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது.

"எங்க போனாங்க?" என்று முணுமுணுத்தார். வெளியே இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளர் செய்யதலிக்கு அது கேட்கும். அவர் பதில் அமைச்சரின் காதுக்கு மட்டும் வரும்.

"பால் வாங்கப் போயிருக்காங்க, ஐயா. பக்கத்து வீட்ல இல்ல. எதிர் வீட்லயும் இல்ல. இப்போ தெருக்கோடிக்குப் போறாங்க."

"கடையில வாங்க வேண்டியதுதானே?"

செய்யதலி கொஞ்சம் தயங்கினார். "கடையில பாக்கி நிக்குதுங்க ஐயா. அந்தத் தெருவுல முக்காவாசிப் பேரு பொதிகைக் கூட்டுறவு வங்கியிலதான் போட்டு வச்சிருந்தாங்க."

சண்முகக்கனி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். கொண்டுவந்தது பாலில்லாத கருப்பட்டிக் காப்பி.

"பாலு திரிஞ்சு போச்சுங்கய்யா. இந்தப் பூனை மூஞ்சை வச்சிட்டுன்னு நெனைக்கேன். குடிப்பியளா?"

குடித்தார். நாக்கில் ருசி தெரியவில்லை. அதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"அவிய வெளியூரு போயிருக்காவ. வேன் ஓட்டுதாவல்லா, சவாரி வந்துட்டு."

காதில் செய்யதலியின் குரல் வந்தது. "இசக்கிராஜ். ஐப்பசி மாசம் இறந்துட்டாரு, ஐயா. நெஞ்சுல வால்வு மாத்தணும். காப்பீட்டு வரிசையில நின்னா ரொம்ப நாளாகும்னு வேனை வித்துப் பணத்தை வங்கியில போட்டிருந்தாங்க. ஆடியில ஆபரேஷன்னு தேதி குறிச்சிருந்தாங்க. நம்ம பட்ஜெட்ல வங்கியைப் பூட்டிட்டோம்."

ஆவுடைநாயகம் சுவரில் இருந்த சதுரத்தைப் பார்த்தார். அவர் உள்ளே வந்தபோது துணிகளோடு சேர்த்து அவள் எதை அள்ளிக்கொண்டு போனாள் என்று இப்போது புரிந்தது.

"குறை ஏதும் உண்டாம்மா? இருந்தா சொல்லு. சொல்றதுக்காகத்தான் வந்திருக்கேன்."

"எங்களுக்கு என்னங்கய்யா குறை? நல்லாத்தான் இருக்கோம். நீங்கதான் மெலிஞ்சு போயிட்டிய. டிவியில பாக்கையில நல்லா இருந்திய."

இன்னொரு தரம் கேட்டார். வாசல் வரைக்கும் வந்த பிறகும் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

தெருவில் இறங்கியதும் அவர் தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. "உள்ள என்ன பேசுறாங்கன்னு கேக்கணும்" என்றார். அது சட்டத்தில் இல்லை. செய்யதலி கேட்கவைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரி திட்டிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வந்தது மந்திரி. வங்கியப் பூட்டுனதே அந்த ஆளுதான். மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டாமா?"

"கேக்கணும்னுதான் நெனச்சேன். வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, காப்பியும் குடுத்துட்டு, சாவைச் சொல்லி அனுப்பச் சொல்லுதியா? அந்த மனுசன் டம்ளரை வாயில வச்சிருந்தாருக்கா. எப்படிச் சொல்ல?"

ஆவுடைநாயகம் தொப்பியைக் கழற்றினார்.

இதை ஏன் யாரும் யோசிக்கவில்லை என்று அவருக்குப் பிடிபடவில்லை. சட்டத்தை எழுதியவர்கள் எல்லோரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். நம் ஆட்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் முதல்வரைப் பேர் சொல்லித் திட்டுவார்கள். டீக்கடையில் அரசாங்கத்தையே மாற்றிவிடுவார்கள். அதே ஆளை வீட்டுக்குள் விருந்தாளியாகக் கொண்டுபோய் உட்காரவைத்தால், தங்களைப் பூசணிப் பத்தையாக வெட்டிப் போட்டாலும் குறை சொல்ல மாட்டார்கள். இத்தனை வருஷமாக அதைத்தான் சம்மதம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் எத்தனை வீட்டில் காப்பி குடித்திருப்பார்? எத்தனை வீட்டில் படத்தைக் கழற்றி உள்ளே ஒளித்திருப்பார்கள்?

ஜெசிந்தா உள்ளே வந்தார். பாளையங்கோட்டைக்காரர். எதையும் இஸ்திரி போட்ட மாதிரி பேசுவார்.

"எல்லா வீடும் முடிஞ்சுதுங்க ஐயா. ஒரு குறையும் பதிவாகல. நாளைக்குக் காலைல நீங்க வாசிச்சிரலாம்."

"அந்தப் பொம்பளை புருஷன் செத்துட்டான், ஜெசிந்தா. இல்லன்னு பொய் சொல்லிட்டா."

"சொல்லலையே, ஐயா. சொன்னாத்தானே பதிய முடியும்?"

"ரெண்டாவது வரைவுன்னா அவன் பிழைச்சிருப்பான் இல்லையா?"

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது நமக்குள்ள பேசி முடிச்ச விஷயந்தானேய்யா? பொதிகை வங்கி காற்றாலைக் கம்பெனிக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கடன் குடுத்தது. முதலாளி வெளிநாட்டுக்குப் போயிட்டாரு. வங்கியில ஓட்டை. நாம ஒண்ணு ஜனங்க பணத்தை ரெண்டு வருஷம் எடுக்க விடாம நிறுத்தி, ஓட்டையை அடைக்கணும். இல்லன்னா குவாரிக்காரங்க மேலயும் கடற்கரை விடுதிக்காரங்க மேலயும் புது வரி போட்டு அடைக்கணும். அதுதான் ரெண்டாவது வரைவு. அதுல யாரும் சாகல. ஆனா அடுத்த தேர்தல்ல நம்ம ஆட்சி போயிருது. இயந்திரம் அதையும் காட்டிருச்சு. முதல்வர் அந்தத் திரையை மட்டுந்தான் பாத்தாரு."

ஆவுடைநாயகம் முதல்வரைக் கூப்பிட்டார். முதல்வர் வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணாச்சி, சொல்லுங்க."

"ரெண்டாவது வரைவையே வாசிப்பமா தம்பி? ஆலங்குளத்துல ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன்..."

"குறை சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்புறம் என்ன அண்ணாச்சி? சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு. நீங்க ரொம்ப அசந்து போயிருக்கிய. நாளைக்கு முடிச்சிட்டுக் குற்றாலத்துல ஒரு வாரம் இருந்துட்டு வாங்க."

பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தார். நிஜ ஆலங்குளத்தில் நிஜ இசக்கிராஜ் இந்நேரம் உயிரோடு இருக்கிறான். வேன் விற்ற பணம் வங்கியில் கிடக்கிறது. இன்று வங்கி சாயங்காலம் வரை திறந்திருக்கும். ஒரே ஒரு போன் போட்டு, யார் என்று சொல்லாமல், "பணத்தை இன்னைக்கே எடுத்துரு" என்றால் போதும். அப்படிச் சொன்னால் அவன் மச்சானிடம் சொல்வான். மச்சான் தெருவில் சொல்வான். இருட்டுவதற்குள் கிளைக்குக் கிளை கூட்டம் கூடிவிடும், பொதிகையோடு சேர்ந்து மற்ற வங்கிகளும் விழும். பட்ஜெட் ரகசியத்தை உடைத்தவருக்கு ஜெயில் என்றும் இருக்கிறது. வரைவை வாசிக்க மாட்டேன் என்று ராஜினாமா செய்யலாம். வேறு யாராவது வாசிப்பார்கள்.

இப்படி ஒவ்வொரு காரணமாக யோசித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பயம் என்று ஒன்று நடுவில் இருந்ததும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. போனை மேசையில் வைத்தார்.

"செய்யதலி, இயந்திரத்தை எப்போ அணைப்பீங்க?"

"ஆறு மணிக்குங்க ஐயா."

"வருஷத்தைப் பின்னால திருப்ப முடியுமா?"

"முடியும்."

"சித்திரைக்குத் திருப்புங்க. நான் ஓர் ஆணை போடுறேன். பொதிகை வங்கி திறக்கட்டும். கேக்குறவங்களுக்குக் கேட்ட பணம் குடுக்கட்டும். குவாரி வரியையும் போட்டுருங்க."

செய்யதலி அவரையே பார்த்தார். "ஐயா, அது ஒத்திகை. அங்க செய்யுறது இங்க யாருக்கும் போய்ச் சேராது. சாயங்காலம் எல்லாத்தையும் அணைச்சிருவோம்."

"தெரியும்."

"இங்க எந்த வரைவை வாசிக்கப் போறீங்க?"

ஆவுடைநாயகம் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். ஜெசிந்தா கண்ணைக் காட்டினார். செய்யதலி விசைப்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆணையை அரைகுறையாக எழுதவில்லை. முறைப்படி எண் போட்டு, பிரிவு போட்டு, கையெழுத்தும் போட்டார். திரையில் சித்திரை வெயிலில் ஆலங்குளம் தெரிந்தது. வங்கியின் ஷட்டர் மேலே போனது. கூட்டம் முதலில் நம்பவில்லை. ஒரு பெரியவர் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எல்லோருக்கும் தெரியும்படி கையைத் தூக்கிக் காட்டினார். விசில் பறந்தது. ஆடி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சண்முகக்கனி குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஐப்பசி வந்து, ஒன்றும் நடக்காமல் போனது.

உள்ளே தை மாதம் வந்ததும் ஆவுடைநாயகம் மறுபடியும் தொப்பியை மாட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றார்.

கதவைத் திறந்தது இசக்கிராஜ். ஒல்லியான ஆள், சட்டைப் பொத்தான் போடாமல் நின்றான். நெஞ்சில் தையல் போட்ட தழும்பு தெரிந்தது. "ஏட்டி, யார் வந்திருக்கான்னு பாரு!" என்று கத்தினான். கொஞ்ச நேரத்தில் நுரை தளும்பப் பால் காப்பி வந்தது. பின்னாலேயே குறைகளும் வந்தன.

"அய்யா, நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இந்தத் தெரு விளக்கு எரிஞ்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்றான் இசக்கிராஜ்.

"குடிதண்ணி வர நேரமே தெரிய மாட்டேங்கு" என்றாள் சண்முகக்கனி.

"வீட்டு வரிய வேற ஏத்திப்புட்டிய. எங்கிட்ட என்ன குவாரியா இருக்கு?"

"ஏன் அவிய கிட்டப் போய்ச் சத்தம் போடுதிய? காப்பியக் குடிக்க விடுங்க."

"நீ சும்மா கெட. மந்திரிகிட்டச் சொல்லாம பின்னே மாட்டுகிட்டயா சொல்ல?"

ஆவுடைநாயகம் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காப்பி சுட்டது, இனித்தது, தொண்டையில் இறங்குவது தெரிந்தது. இத்தனை நாள் கழித்துத் தனக்கு ஏதோ ஒன்று உறைக்கிறது என்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. தெரு விளக்கைக் கட்டாயம் பார்க்கிறேன் என்று இசக்கிராஜின் கையைப் பிடித்துச் சொன்னார். சொன்னதை மனசாரத்தான் சொன்னார்.

ஆறு மணிக்கு செய்யதலி இயந்திரத்தை அணைத்தார். அணைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் வணக்கத்தைச் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை சட்டமன்றத்தில் ஆவுடைநாயகம் முதல் வரைவை வாசித்தார். பொதிகை வங்கியைப் பற்றிய பத்தி நடுவில் வந்தது. பணத்தை நிறுத்திவைப்பது என்று அதில் எங்கும் இல்லை. 'வைப்பாளர் நலன் காக்கும் காலம்' என்று இருந்தது. போன வருஷங்களில் இது மாதிரி இடம் வந்தால் நிறுத்தி, தண்ணீர் கேட்பார். இந்தத் தடவை கேட்கவில்லை. கண் முன்னால் ஒல்லியான ஒரு ஆள் தெரு விளக்குக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறான் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று திரும்பத் திரும்பச் சொன்னது. ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது.

வாசித்து முடித்து அறைக்கு வந்ததும் ஜெசிந்தா ஒரு தாளை நீட்டினார்.

"என்ன இது?"

"நேத்து நீங்க செஞ்சதை முதல்வர்கிட்டச் சொன்னேன், ஐயா. உங்க முகத்துல அப்படி ஒரு தெளிவு. அடுத்து வர்ற நிதியமைச்சர்களுக்கும் உதவியா இருக்கும்னு நெனைக்காரு. ஒவ்வொரு வருஷமும் அணைக்கிறதுக்கு முன்னால, அமைச்சர் விரும்புற ஆணையைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கலாம். அதை நடைமுறையிலயே சேத்துட்டா பதவிக்கு ஆளும் கிடைக்கும். செலவும் அதிகம் இல்ல. செய்யதலிதான் மாட்டேன்னுட்டாரு. வேற ஆளு பாத்துக்கலாம்."

ஆவுடைநாயகம் தாளை முழுக்கப் படித்தார். 'கூடுதல் ஓட்டம்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அவருக்கு அது சப்பென்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'ஆறுதல் ஓட்டம்' என்று தன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"நல்ல பேருங்க ஐயா" என்றார் ஜெசிந்தா.

முதல்வர் சொன்னபடி மதியமே குற்றாலத்துக்குக் கிளம்பினார். முன்னால் போலீஸ் வண்டி போனது. பின் இருக்கையில் சாய்ந்ததும் அவருக்குக் கண் சொக்கியது. ரொம்ப நாளாக இப்படித் தூக்கம் வந்ததில்லை. வழியில் ஆலங்குளத்தில், பூட்டிய வங்கியின் முன்னால் சாலை வரைக்கும் கூட்டம் நின்றது. யாரோ ஷட்டரைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். காருக்குள் இருப்பது யார் என்று தெரிந்து ஓர் ஒல்லியான ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி காரோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தான். கண்ணாடியைத் தட்டி என்னவோ கத்தினான்.

டிரைவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். அமைச்சர் நல்ல தூக்கத்தில் இருந்தார். அவரை எழுப்ப மனசில்லாமல், ஹாரன் அடிக்காமல், டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.